மடு மாதாவுக்கு நேர்ந்துவிட்ட சிகரெட்

எங்கள் தெருமுனையில் ஒரு கொரியக் கிழவரின் கடை இருக்கிறது. பால், பாண், லொத்தர் சீட்டு, பூனைக்குச் சாப்பாடு எல்லாம் கண்ணுக்கு முன்னால் இருக்கும். சிகரெட் மட்டும் அவருக்குப் பின்னால், சாம்பல் நிறத் தகட்டுக் கதவுகளுக்குள் மூடியிருக்கும். பெயரைச் சொன்னால் ஒரு கதவை மட்டும், கை நுழையும் அளவுக்குத் தூக்கி, ஒரு பெட்டியை எடுத்துவிட்டு உடனே மூடிவிடுவார். எங்கள் கோயிலில் பாடுகளின் காலத்தில் சுருவங்களை, புனிதர்களின் சிலைகளை, ஊதாத் துணியால் மூடி வைப்பார்களே, முதல் தரம் அந்தக் கடையைப் பார்த்தபோது எனக்கு அதுதான் ஞாபகம் வந்தது. அங்கே உயிர்ப்பு ஞாயிறோடு துணியை எடுத்துவிடுவார்கள். இங்கே சிகரெட்டுக்கு ஆண்டு முழுவதும் பெரிய வெள்ளிக்கிழமை. வெளியே வரும் பெட்டியில் அழுகிய பல்லும் கருகிய நுரையீரலும் படமாக இருக்கும். வாங்காதே என்று படம் போட்டு, கதவு போட்டு, வரியும் போட்டு, கடைசியில் நன்றி சொல்லி விற்கும் நாடு இது. ஊரில் ஒற்றைச் சிகரெட்டைக் கடையில் தொங்கும் கயிற்று நெருப்பில் பற்றவைத்தபடி நிற்கும் உங்களுக்கு இதை எப்படிச் சொல்லி நம்பவைப்பது என்று எனக்குத் தெரியவில்லை.

மறைத்துப் பத்துவதில், அதாவது புகைப்பதில், எனக்கும் பழக்கம் உண்டு. மன்னாரில் நான் சிகரெட் பழகிய நாளிலிருந்து, என்னைவிட ஏழு வயது மூத்த மெற்றில்டா அக்காவுக்குத் தெரியாமல்தான் பத்தினேன். எங்கள் பக்கத்தில் வயதுக்கு மூத்தவர் முன்னால் வாயில் சிகரெட் வைப்பதில்லை. தெருவில் ஒரு பெரியவர் வந்தால் சிகரெட்டை உள்ளங்கைக்குள் திருப்பி, கையை முதுகுக்குப் பின்னால் கொண்டுபோய், வாய்க்குள் இருக்கும் புகையை விழுங்கிவிட்டுச் சிரிக்கவேண்டும். அப்படிச் சிரித்துச் சிரித்தே இருமல் வந்தவர்கள் இருக்கிறார்கள். அக்காவோ வாயை விட்டுவிட்டு, நான் உடம்பில் போட்டிருக்கும் சேட்டை மணந்து பார்ப்பா. கொய்யா இலையைச் சப்பி வாயை ஏமாற்றலாம். சேட்டை என்ன செய்வது? கனடாவுக்கு வெளிக்கிட்ட அன்று, "இனிப் பத்தமாட்டன்" என்று அவவின் கையில் அடித்துச் சத்தியம் பண்ணினேன். கொழும்பு விமான நிலையத்திலேயே அதை முறித்துவிட்டேன். அதற்குப் பிறகு பதினெட்டு வருடங்களாகத் தொலைபேசியில், "விட்டிட்டன் அக்கா" என்று சொல்லிக்கொண்டிருந்தேன். தொலைபேசியில் சேட்டு மணக்காது.

ஸ்காபரோவில் நான் வேலை செய்தது பிளாஸ்ரிக் மூடிகள் செய்யும் தொழிற்சாலை. அங்கே எனக்குக் கிடைத்த கூட்டாளி நஸீர் நானா; எங்கள் பக்கத்து முஸ்லிம்கள் அண்ணனை நானா என்பார்கள். அவரும் மன்னார்தான், எருக்கலம்பிட்டி. தொண்ணூறாம் ஆண்டில் தமிழ் இயக்கத்தார் முஸ்லிம்களை வடக்கிலிருந்து வெளியேறச் சொன்னபோது, உம்மாவையும் ஒரு துணிமூட்டையையும் வள்ளத்தில் ஏற்றிக்கொண்டு புத்தளம் போனவர். அந்த ஊரை விட்டு அவர் போன விதமும் நான் போன விதமும் வேறு வேறு. அதைப்பற்றி அவர் ஒருநாளும் என்னிடம் கேட்டதில்லை. கேட்டிருந்தால் எனக்குச் சொல்லவும் ஒன்றும் இருந்திருக்காது. காலை ஒன்பது மணி இடைவேளைக்கு நானும் அவரும் பின்கதவால் வெளியே போய், நிலத்தில் போட்டிருக்கும் மஞ்சள் கோட்டைத் தாண்டி நிற்போம். கதவுக்குப் பக்கத்தில் நின்று பத்துவது இங்கே குற்றம். பத்து நிமிடத்துக்குள் ஒரு சிகரெட்டைப் பாதி நானும் பாதி அவரும் இழுப்போம். எங்களோடு வேலை செய்த வெள்ளைக்காரர்கள் அதைப் பார்த்து, பாவம், இவர்களிடம் ஆளுக்கொன்று வாங்கக் காசில்லை என்று நினைத்தார்கள். ஒருவன் தன் பெட்டியையே நீட்டினான். ஒரு சிகரெட்டை இரண்டு பேர் பத்துவது ஒரு தேத்தண்ணியை இரண்டாகப் பிரித்துக் குடிப்பது போன்ற காரியம் என்று அவனுக்கு விளங்கப்படுத்த என் ஆங்கிலம் போதவில்லை.

போர் முடிந்த அந்த வருடம் மாசி மாதத்தில் அக்காவின் கடைசி அழைப்பு வந்தது. அவ கலியாணம் கட்டி, வன்னியில் அத்தானோடும் மகளோடும் இருந்தா. யாரோ ஒருவருடைய சற்றலைற் தொலைபேசி. "கடற்கரைப் பக்கமாப் போறம்" என்ற அளவில் அறுந்துவிட்டது. அதற்குப் பிறகு ஒன்றுமில்லை. பங்குனியும் போயிற்று. வேலை முடிந்தால் நகரத்தின் நடுவில் போரை நிறுத்தக் கேட்டுச் சனங்களோடு பதாகை பிடித்து நிற்பேன். ஒரு பிற்பகல் அந்தக் கூட்டத்துக்குள் இருந்து விலகி, ஒரு பெரிய கட்டிடத்தின் ஓரமாகச் சிகரெட் பத்திக்கொண்டு நின்றேன். அக்கா பதுங்குகுழிக்குள் இருக்கிறா, நான் இங்கே புகை விட்டுக்கொண்டு நிற்கிறேன் என்று நினைத்தபோது வெட்கமாக இருந்தது. அங்கேயே நேர்ந்தேன். மடு மாதாவே, அக்காவை உயிரோடு தா, நான் சிகரெட்டை உனக்கு விட்டுத்தருகிறேன். அதற்கு முந்தைய வருடம் சண்டைக்குள் அகப்பட்டு மாதாவின் சுருவமே மன்னார்க் காட்டுக்குள் இருக்கும் மடுக் கோயிலை விட்டு இடம்பெயர்ந்திருந்தது. தானே அகதியாய்ப் போனவளிடம்தான் நான் கேட்டேன். அவளுக்கு அந்த வழி தெரிந்திருக்கும் என்று எனக்குள் ஒரு நம்பிக்கை.

நேர்த்தி என்பது கேட்டது கிடைத்த பிறகு கொடுப்பது. கால் சுகமானால்தான் வெள்ளியில் கால் செய்துகொண்டு போவார்கள். ஆனால் வெள்ளிக் காலைக் கடையில் வாங்கலாம்; சிகரெட்டை விடுவதை எந்தக் கடையில் வாங்குவது? முன்பு நாலு தரம் விட முயன்று நாலு தரமும் தோற்றவன் நான். நிக்கொட்டின் சூயிங்கம் சப்பினேன், தோளில் நிக்கொட்டின் பிளாஸ்ரர் ஒட்டினேன், ஒன்றும் சரிவரவில்லை. அக்கா வந்த பிறகு நான் சொன்னதைக் கொடுக்க முடியாமல் போனால், கொடுத்ததை மாதா திரும்ப எடுத்துவிடுவாவோ என்ற பயம் என்னைப் பிடித்துக்கொண்டது. இதை நஸீர் நானாவிடம் சொன்னேன். அவர் சிரிக்கவில்லை. "உன்ட அக்கா வாறதுக்கு முந்தி நீ ஆயத்தமா இருக்கோணும்" என்றார். "எனக்கும் நெஞ்சுக்குள்ள இழுக்குது, நோன்புக்கு முந்தி விடச்சொல்லி டொக்டர் ஏசுறார். கரண்டில வேலை செய்யிற சிகரெட் ஒண்டு வந்திருக்காம். போய்ப் பாப்பம்."

மோல் என்று சொல்லும் கடைத்தொகுதி ஒன்றின் நடைபாதை நடுவில், கைத்தொலைபேசி உறை விற்கும் தட்டுக்கும் வாசனைத்திரவியத் தட்டுக்கும் இடையில் அந்தத் தட்டு இருந்தது. அங்கே நின்ற இளம்பெண் கட்டிடத்துக்குள்ளேயே ஒரு வெள்ளைக் குழலை வாயில் வைத்து இழுத்தாள். குழலின் நுனியில் செந்நிறமாக ஒரு சின்ன விளக்கு எரிந்தது. பிறகு வாயால் வெள்ளையாக விட்டாள். காவலாளி பக்கத்தால் நடந்து போனான், ஒன்றும் சொல்லவில்லை. நெருப்பு மணியும் அடிக்கவில்லை. வெண்புகை காற்றில் கலைந்து போனது, எந்த மணமும் இல்லை. சேட்டை மணந்து பார்க்கும் அக்காவை வெல்ல ஒரு பொருள் கடைசியில் உலகத்தில் பிறந்துவிட்டது என்று நான் வாயைப் பிளந்துகொண்டு நின்றேன். நானா என்னைவிட மோசம். குழலை வாங்கித் திருப்பித் திருப்பிப் பார்த்து, "அல்லாட காவல்" என்றார்.

நானா அந்தப் பெண்ணிடம், இதற்குள் இருக்கும் கிளிசரின் மிருகத்தின் கொழுப்பில் எடுத்ததா, மரக்கறியில் எடுத்ததா என்று கேட்டார். அவளுக்குக் கேள்வியின் காரணம் பிடிபடவில்லை. இவர் உடம்பு மெலிய நினைக்கிறார் என்று எண்ணி, இதில் கொழுப்பே இல்லை, கலோரியும் இல்லை என்று மலர்ந்த முகத்தோடு உறுதி சொன்னாள். நானா பெட்டியில் எழுதியிருந்ததைக் கண்ணாடி போட்டு வாசித்துத் தானே தெளிந்துகொண்டார். அடுத்தது என் முறை. இதை வாங்கி வைத்துவிட்டுப் பிறகு தொடங்கலாமா, கெட்டுப்போகாதா என்று கேட்டேன். எப்போது தொடங்கப் போகிறீர்கள் என்றாள். அக்கா வந்ததும் என்றேன். "ஓ, உங்கள் சகோதரி வருகிறாவா! எங்கேயிருந்து?" என்று சந்தோசப்பட்டாள். இலங்கையிலிருந்து என்றேன். எந்த விமானத்தில் வருகிறா, எத்தனை கிழமை நிற்பா, நயாகராவுக்குக் கட்டாயம் கூட்டிக்கொண்டு போங்கள் என்றாள். நான் எல்லாவற்றுக்கும் தலையாட்டினேன். அவள் வாழ்த்திச் சொன்ன அந்த நயாகரா ஏனோ எனக்கு நல்ல சகுனம் போலப் பட்டது.

இனி இதை வாங்க நினைக்கும் என் போன்றவர்களுக்கு நான் பட்டறிந்ததைச் சொல்கிறேன். இதெல்லாம் அந்தக் காலத்துச் சாமான். இப்போது வருபவை வேறு. அரசாங்கமும் அப்போது அதை ஏற்றிருக்கவில்லை. வைத்தியரைக் கேட்காமல் தொடங்கியது எங்கள் கெட்டித்தனம். அங்கே மூன்று வகை இருந்தது. ஒன்று, இழுத்து முடிந்ததும் எறிவது. பார்க்க மலிவு, ஆனால் ஒரு மாதம் இழுத்தால் சிகரெட்டே மலிவாகிவிடும். இன்னொன்று தோல்பெட்டிக்குள் தங்கநிறக் குழல், காரில் சார்ஜ் பண்ணும் வயர், கழுத்தில் தொங்கவிடச் சங்கிலி. அதை வாங்குபவர் சிகரெட்டை விடும் எண்ணத்தில் வாங்குவதாக எனக்குத் தோன்றவில்லை. நடுவில் இருந்த சாதாரணப் பெட்டியைத் தெரிவுசெய்தோம். இரண்டு பற்றரி, ஒரு சார்ஜர், மருந்து ஊறிய கார்ட்றிஜ் ஐந்து. நிக்கொட்டின் கடுமையானது, நடுத்தரம், குறைந்தது, ஒன்றுமே இல்லாதது என்று கார்ட்றிஜில் நாலு படி இருந்தது. படி இறங்கும் வசதி இருப்பதைத்தான் வாங்கவேண்டும். பெட்டியின் விலையைப் பார்க்காமல் கார்ட்றிஜின் விலையைப் பார்க்கவேண்டும் என்பதும் எனக்குப் பிறகுதான் விளங்கியது.

நாங்கள் விட்ட பிழை வேறு. பெட்டிக்குள் இரண்டு பற்றரி இருந்ததைக் கண்டதும் எங்களுக்கு வேறு நினைப்பே வரவில்லை: ஆளுக்கொன்று. ஒரு சிகரெட்டைப் பாதி பாதி பத்தியவர்களுக்கு ஒரு பெட்டி தாராளம். ஒன்று வாயில் இருக்கும்போது மற்றது சார்ஜில் இருக்கவேண்டும், ஓர் ஆளுக்கே இரண்டும் வேண்டும் என்பதை அந்தப் பெண் சொல்லியும் இருப்பாள். நாங்கள் காசை அரைவாசி போடும் அவசரத்தில் இருந்தோம். இழுக்கத் தொடங்கினால் மூன்று மணித்தியாலத்தில் ஒரு பற்றரி செத்துப் போகும். சார்ஜரோ ஒன்று. அதை மாறி மாறி அவரும் நானும் வீட்டுக்குக் கொண்டுபோகவேண்டியிருந்தது. ஞாயிற்றுக்கிழமை பூசை முடிய நான் அவருடைய வீட்டுக்குச் சார்ஜர் கொடுக்கப் போவேன். வெள்ளிக்கிழமை தொழுகை முடிய அவர் அதோடு என் வீட்டுக்கு வருவார். அதுவரை தொழிற்சாலையோடு முடிந்த எங்கள் சிநேகிதம் அந்த ஒரு வயரால்தான் வீட்டுக்குள் வந்தது.

ஆனால் நான் இழுக்கத் தொடங்கவில்லை. வரத்துக்கு முன் நேர்த்தி கொடுப்பதில்லையே. என் பற்றரியை முழுதாகச் சார்ஜ் பண்ணி, மடு மாதாவின் சின்னச் சுருவத்துக்கு முன்னால் வைத்துவிட்டு, சிகரெட்டைப் பத்திக்கொண்டு காத்திருந்தேன். கிழமைக்கு ஒருதரம் அது தானாக இறங்கிவிடும். மறுபடி சார்ஜ் பண்ணி வைப்பேன். விளக்குக்கு எண்ணெய் விடுவதுபோல அதைச் செய்தேன். வைகாசியில் எல்லாம் முடிந்துவிட்டது என்று செய்தி வந்த திங்கட்கிழமை இங்கே விக்ரோறியா ராணியின் பிறந்தநாள் விடுமுறை. பொழுது சாயத் தொடங்கியதும் அயலில் பிள்ளைகள் வாணம் விட்டார்கள். ஒவ்வொரு வெடிக்கும் என் மனைவி எழுந்து போய் ஒரு யன்னலைச் சாத்தினா. நஸீர் நானா பிள்ளைகளைக்கூடக் கூட்டி வராமல் தனியாக வந்து, தொலைக்காட்சிக்கு முன்னால் என் பக்கத்தில் இருந்தார். போகும்போது தன்னுடைய முறை முடியுமுன்பே சார்ஜரை மேசையில் வைத்துவிட்டு, "உனக்குத் தேவைப்படும்" என்றார். அந்தச் சொல்லைப் பிடித்துக்கொண்டுதான் நான் அடுத்த கிழமைகளைக் கடந்தேன்.

ஆனி மாதம் ஒரு காலை. ஒன்பது மணி இடைவேளை. மஞ்சள் கோட்டுக்கு வெளியே நின்று பாதிச் சிகரெட்டை நான் முடித்திருந்தேன். தெரியாத இலக்கம்.

"யூட், நான் அக்கா."

நானா என் முகத்தைப் பார்த்துவிட்டு என் கையில் இருந்த சிகரெட்டை வாங்கிக்கொண்டார்.

"முகாமிலை இருக்கிறம். வேறை ஆக்களின்ரை போன், கனக்கக் கதைக்கேலாது. நானும் சின்னவளும் வந்திட்டம்."

"அத்தான்?"

"அத்தான் வரேல்லை."

அவ்வளவுதான் சொன்னா. எனக்கு அழுகை வந்தது. வாயில் முதலில் வந்ததைச் சொன்னேன்.

"அக்கா, உங்களுக்காக மடு மாதாவுக்கு நேர்ந்தனான். நீங்கள் வந்தால் சிகரெட்டை விடுறன் எண்டு."

தொடர்பு அறுந்துவிட்டதென்று நினைத்தேன்.

"அப்ப நீ இன்னும் பத்துறியோ?"

நாற்பத்தாறு வயது எனக்கு. பதினாறு வயதுப் பெடியன்போல விழித்தேன். முள்ளுக்கம்பிக்குள் நிற்கும் அக்கா, புருசனை இழந்து சில கிழமைகளே ஆன அக்கா, பதினெட்டு வருடப் பொய்யைப் பிடித்துவிட்டு, ஒரு கணம் சிரித்தா. உண்மையாகவே சிரித்தா. எங்கேயிருந்து அந்தச் சிரிப்பு அவவுக்கு வந்தது என்று நான் இன்றுவரை அதிசயப்படுகிறேன். அன்றிலிருந்து சிகரெட்டைத் தொடவில்லை. அன்று வீட்டுக்குப் போனதும் சுருவத்துக்கு முன்னால் இருந்த குழலை எடுத்து முதல்முறை இழுத்தேன். வெந்நீர் ஆவியில் யாரோ புகையிலையைக் காட்டிவிட்டுப் போனதுபோல் இருந்தது. ஆனாலும் கை எதையோ பிடித்திருந்தது, அது பெரிய உதவி.

அந்த நாட்களில் இன்னொன்றும் என்னைத் தின்றது. மாதாவிடம் நான் அக்காவை மட்டும்தான் கேட்டிருந்தேன். அத்தானின் பெயரைச் சொல்லவில்லை. வேண்டுமென்று விட்டதல்ல, நகரத்து நடுவில் அவசரமாக நேர்ந்தபோது வாயில் வந்தது அக்காவின் பெயர் மட்டும். ஒரு சிகரெட்டுக்கு ஓர் உயிர்தான் கிடைக்கும் என்று நானே அளந்துவிட்டேனோ என்று திரும்பத் திரும்ப நினைப்பேன். ரமழான் நோன்போடு நானா முழுதாக விட்டுவிட்டார். பெருநாள் வட்டிலப்பத்தோடு தன் பற்றரியையும் கொண்டுவந்து தந்து, "இப்பத்தான் இந்தப் பெட்டி சரியான ஆளிட்ட வந்திருக்கு" என்றார். இரண்டு பற்றரியும் சார்ஜரும் என்னிடம் சேர்ந்தன. நான் கடுமையிலிருந்து நடுத்தரத்துக்கும், அங்கிருந்து குறைந்ததுக்கும் இறங்கினேன். அங்கே நின்றுவிட்டேன். அது போதும், மாதாவுக்குக் கொடுத்தாயிற்று என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன்.

மார்கழியில் அக்காவை முகாமிலிருந்து விட்டார்கள். மன்னாரில் சித்தப்பாவின் வீட்டிலிருந்து ஆறுதலாகக் கதைத்தா.

"மாசித் திருநாளுக்கு மடுவுக்குப் போறன். உன்ரை நேர்த்தி முடிஞ்சுதெண்டு மாதாவிட்டைச் சொல்லவோ?"

"சொல்லுங்கோ அக்கா. சிகரெட் விட்டாச்சு. இப்ப ஒரு குழல்தான். நெருப்பும் இல்லை, புகையும் இல்லை, வெறும் ஆவி."

"வாயிலை வைச்சு இழுக்கிறியோ?"

"இழுக்கிறன்."

"அப்ப முடியேல்லை. மாதாவுக்கு முன்னாலை நிண்டு நான் உனக்காகப் பொய் சொல்லமாட்டன், யூட்."

அத்தானைப் பற்றி என் மனதில் கிடந்ததை அன்று சொல்லிவிட்டேன். அவருக்காக நான் ஒன்றும் நேரவில்லை அக்கா என்றேன்.

"அவருக்கு நான் நேர்ந்தனான்," என்றா அக்கா. "வங்கருக்குள்ளை இருந்து. ரெண்டு பேரும் மடு றோட்டுச் சந்தியிலை இருந்து கோயிலுக்கு நடந்து வருவம் எண்டு."

"அது கிடைக்கேல்லையே அக்கா."

"ஓம். எண்டாலும் நான் நடக்கப்போறன்."

கிடைத்ததற்குக் கொடுக்கவே நாலு படி வைத்து, மூன்றாம் படியில் ஏமாற்றிக்கொண்டு நிற்கிறேன் நான். கிடைக்காததற்குக் கொடுக்கக் காட்டுவழியே நடக்கப் போகிறா அவ. என்னோடு ஒரே வயிற்றில் பிறந்தவவா இவ என்று பிரமித்து நின்றேன். அடுத்த நாளே நிக்கொட்டின் இல்லாத கார்ட்றிஜ் வாங்கினேன். தை மாத நடுவில் அதையும் நிறுத்தி, இரண்டு பற்றரியையும் பெட்டிக்குள் வைத்து மூடினேன். எளிதென்று சொன்னால் பொய். மனைவியோடு காரணமில்லாமல் சண்டை கொளுவினேன். வேலையில் பேனையைச் சப்பினேன். திருநாளுக்கு முந்திய மாலை வழிபாடான வேஸ்பருக்கு முதல் நாள் மாலை கால்கள் தாமாகவே கொரியக் கிழவரின் கடைக்குப் போய்விட்டன. பல மாதத்துக்குப் பிறகு என்னைக் கண்ட சந்தோசத்தில், கேட்குமுன்பே என்னுடைய பழைய கதவைத் தூக்கினார். உள்ளே பெட்டி தெரிந்தது. அழுகிய பல்கூட அழகாக இருந்தது. அந்தக் கதவு திறந்தபடியே இருக்க, நான் பக்கத்துத் தட்டைக் காட்டி, மெழுகுதிரி தாருங்கள் என்றேன். அவர் திகைத்தார். மேலே எரியும் விளக்கைப் பார்த்தார். என் வீட்டில் மின்சாரம் போய்விட்டதோ என்று கவலையோடு விசாரித்து, ஒரு தீப்பெட்டியை இனாமாகத் தந்தார்.

மறுநாள் காலை ஒன்பது மணிக்கு நான் மஞ்சள் கோட்டைத் தாண்டிப் பழைய இடத்தில் நின்றேன். வெட்டும் குளிர். நானாவும் கூடவே வந்து, கைகளைக் கமக்கட்டுக்குள் வைத்துக்கொண்டு நின்றார். மடுவில் அப்போது இருட்டி, வேஸ்பர் முடிகிற நேரம். தொலைபேசி அடித்தது. அக்கா பேசவில்லை. கையை உயரத் தூக்கிப் பிடித்திருப்பா போல. கோயில் மணி முழுதாகக் கேட்டது. அதற்குப் பின்னால் பெருஞ்சனம் ஒன்றாய்ச் செபம் சொல்லும் இரைச்சல். எத்தனை வீடுகளில் எத்தனை பேர் குறைந்து வந்த சனம் அது! அந்தச் சத்தம் ஸ்காபரோவின் பனியில், பிளாஸ்ரிக் தொழிற்சாலையின் பின்புறத்தில் கேட்டது. நானா தொப்பியைச் சரிசெய்துகொண்டு தலையைக் குனிந்தார்.

"யூட், நடந்து வந்திட்டன்," என்றா அக்கா. மூச்சு வாங்கியது. "மாதாவுக்கு முன்னாலை நிக்கிறன். சொல்லட்டோ?"

குழல் பெட்டியை மூடி அன்றோடு பதினேழு நாள். கொரியரின் கதவு திறந்தே கிடந்தும் மெழுகுதிரியோடு திரும்பி வந்தவன் நான். நெஞ்சை நிமிர்த்தி, "ஓம் அக்கா, சொல்லுங்கோ" என்றேன். சொன்னபோது அந்தக் குளிரில் என் வாயிலிருந்து வெள்ளையாக, பெரிதாக, ஒரு முழுச் சிகரெட்டின் புகை அளவுக்கு மூச்சு கிளம்பியது. அக்கா அதைக் காணமுடியாத தூரத்தில் நின்றா. ஆனாலும் நான் சட்டென்று திரும்பி, உள்ளங்கையால் வாயைப் பொத்திக்கொண்டேன்.